மீனுக்கு மூன்று வேளை

ஹப்சிகுடாவில் இறங்க வேண்டிய நான் கடைசி நிலையமான நாகோல் வரை போய்த் திரும்பியதற்குத் தூக்கமே காரணம் என்று வீட்டில் சொல்லிவைத்திருக்கிறேன். உண்மையில், மெட்ரோவில் எதிரே உட்கார்ந்திருந்த தமிழ்த் தம்பதியின் பேச்சை ஒட்டுக்கேட்டுக்கொண்டிருந்தேன். பேகம்பேட் தாண்டியதும் கணவர் சொன்ன ஒரு வரியில் மாட்டிக்கொண்டேன்.

"நம்ம பவளம் பட்டினியால சாகல. சாப்பாடு மிஞ்சிப்போய்ச் சாகுது."

வீட்டில் மீனும் உயிர்ப் பவளமும் வளர்க்கக் கடல்நீர்த் தொட்டி வைத்திருக்கிறார்களாம்.

"வாரா வாரம் தண்ணி மாத்துறேன், நைட்ரேட் இறங்கவே மாட்டேங்குது. பவளம் மேல பூரா பாசி."

"மீனுக்கு நானும் சாயங்காலம் கொஞ்சம் போடுவேன்."

"ஐயோ! காலைலயும் ராத்திரியும் நான் போடுறேனே?"

"ராத்திரி போடுறத எங்கிட்ட சொன்னீங்களா? கண்ணாடிகிட்ட வந்து வாயப் பொளந்துக்கிட்டுப் பாக்குதுங்க. மனசு கேக்கல."

"சாப்பிட்ட மறுநிமிஷமும் அப்படித்தான் பாக்கும். மிச்சம் அழுகித்தான் நைட்ரேட் ஏறித் தண்ணி கெடுது. இனிமே ஒரு வேளைதான். நான் மட்டும் போடுறேன்."

"வேணாம், நானே போடுறேன். உங்களுக்கு அளவு தெரியாது."

நாகோலில் எனக்கு முன்னால் இறங்கிய அந்தப் பெண், கணவரிடம் சொன்னார்:

"எதிர்ல இருந்த அங்கிளும் வழியெல்லாம் நம்மள அப்படியேதான் பாத்துக்கிட்டு வந்தாரு. அவரும் சாப்பிட்டுட்டுத்தான் வந்திருப்பாரு, இல்ல?"