கடைக்குள் ஒரு குடை

எழுபதுகளில் ஒரு மழைக்காலம். கும்மிடிப்பூண்டியில் எளாவூர் பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தேன். எனக்கு முன்னால் நின்ற கிழவர் கைத்தடியைத் தரையில் தட்டி, பக்கத்திலிருந்த பெண்ணிடம் கேட்டார்:

"கடைக்குள்ள குடைய கட்டிக்கினு தைக்கிறியாமே, இன்னா சேதி?"

கடை அவருடையது, அவள் அதில் வாடகைக்குத் தையல் மெஷின் போட்டிருப்பவள் என்பது போகப்போகத்தான் புரிந்தது.

"மெஷினு மேல ஒழுவுது நைனா. அதான்."

"எத்தினி நாளா?"

"ஐப்பசிலேர்ந்து."

"என்னாண்ட ஏன் சொல்லல? பத்திரத்துல இன்னா எழுதிக்கீது? தரையும் கதவும் உன் பொறுப்பு, கூரை என் பொறுப்பு."

"சொன்னா நீயே ஏணிய போட்டு ஏறுவ. போன வருஷம் உழுந்து மூணு மாசம் படுத்துக்கினு இருந்தியே, மறந்துபோச்சா?"

"அது நானே வேஞ்ச ஓடும்மா. வேற ஆளு ஏறுனா நல்லா இருக்கறதையும் ஒடச்சிட்டு எறங்குவான்."

"ஓடு ஒடைஞ்சா மாத்திக்கலாம். உன் இடுப்ப மாத்த முடியுமா?"

"எனக்கின்னா? கல்லு மாதிரி கீறேன்."

பஸ் வந்தது.

"மொதல்ல இந்தப் படிய ஏறு, பாக்கலாம்" என்றாள்.

கிழவர் இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்தார். கால் எழும்பவில்லை. அவள் சிரிக்கவில்லை. கைத்தடியை வாங்கிக்கொண்டு, முழங்கையைத் தாங்கி மெதுவாக ஏற்றிவிட்டாள்.

எனக்கு முன் சீட்டில்தான் உட்கார்ந்தார்கள். அவர் கைத்தடியை அவளிடமிருந்து வாங்கி மடிமேல் வைத்துக்கொண்டார். பிறகு தாழ்ந்த குரலில் சொன்னார்:

"நாளைக்கு ஆள இட்டாரேன். அதுவரிக்கும் குடைய அவுத்துடாத."