சீசன் முடிந்த மறு திங்கள்

— பதினாறு டீம்னா எத்தனை வாரம் ஆகும்? அதச் சொல்லு முதல்ல.

— நாலு சனிக்கெழம, ஆர்லிஸ். மொத வாரம் எட்டு ஆட்டம், அப்புறம் நாலு, அப்புறம் ரெண்டு, கடைசியா ஒண்ணு.

— நாலு வாரமா? வென்டல், பன்னண்டாம் தேதி திங்கக்கெழம ஒமாஹா ஆஸ்பத்திரில உன் நெஞ்சப் பொளக்கக் கத்தியத் தீட்டி வெச்சிருக்காங்க. மூணு ரத்தக்குழாய் அடைச்சுக் கெடக்கு.

— நான் என்ன வர மாட்டேன்னா சொன்னேன்? சீசன் முடிஞ்ச மறு திங்கள் வர்றேன்னு நவம்பர்லயே டாக்டருக்கு வாக்குக் குடுத்திருக்கேன். நான் சொன்னாச் சொன்னதுதான்.

— சீசன் முடிஞ்சிருச்சுய்யா. வெள்ளிக்கெழம நம்ம காலேஜ் ஃபுட்பால் பசங்க டென்னசிய நொறுக்குனாங்க. நீ சோபா மேல ஏறி நின்னு கத்துனே. நீ விழுந்துடக் கூடாதேன்னு நான் உன் ரெண்டு காலையும் புடிச்சுக்கிட்டு நின்னேன்.

— முடிஞ்சுதுன்னா சாம்பியன் யாரு? சொல்லு பாப்போம்.

— நேத்துப் பேப்பர்ல ரெண்டு பேருன்னு போட்டிருந்துச்சு.

— ஆங்! பத்திரிகைக்காரங்க ஓட்டுப் போட்டு மிச்சிகன்கிறாங்க. கோச்சுங்க ஓட்டுப் போட்டு நம்ம நெப்ராஸ்காங்கிறாங்க. ரெண்டு பேருமே ஒரு ஆட்டங்கூடத் தோக்கல. ஒருத்தரோட ஒருத்தர் மோதவும் இல்ல. நியாயம்னு ஒண்ணு இருக்குல்ல? ஒரே பொண்ணுக்கு ரெண்டு பேரு மோதிரம் போட்டா, கல்யாணம் முடிஞ்சிருச்சும்பியா?

— பொண்ணுக்குச் சம்மதம்னா எனக்கென்ன வந்துச்சு?

— சாம்பியன் ஒருத்தன்தான். அது தெரியற வரைக்கும் சீசன் முடியல.

— சரி, அப்புறம்? இந்த நாட்டுல எந்தப் பெரிய காலேஜும் நடத்தாத நாக்கவுட் பிளேஆஃப நீ எங்க நடத்தப் போறே?

— இந்தச் சமையல்கட்டு மேசைலதான். ரெண்டு பகடை. விதிமுறையெல்லாம் எழுதி வெச்சுட்டேன், பதினோரு பக்கம். காத்துக்குத் தனிப் பகடை.

— அக்கா! கதவத் தெறந்து போட்டிருக்கீங்க, பனி உள்ள வருதே!

— டுவேன், பூட்ஸக் கழட்டிட்டு வா. ஜன்னலும் தெறந்துதான் இருக்கு, உன் மாமா வேலை. உள்ள வெதுவெதுன்னு இருந்தா ஃபுளோரிடாக்காரனுக்குச் சாதகமாப் போயிடுமாம்.

— அதுவும் சரிதான்க்கா. சத்தியமாச் சொல்றேன், அவனுங்களுக்குக் குளிர் தாங்காது.

— வாய மூடு. கூடப்பொறந்தவன் வந்தான், நாலு நல்ல வார்த்தை சொல்லுவான்னு பாத்தேன். பானைல கறியும் பீன்ஸும் போட்ட சில்லி இருக்கு, பக்கத்துல லவங்கப்பட்டை பன்னு. போட்டுக்க.

— மாப்ளே, சாப்பிட்டு வந்து உக்காரு. நீதான் மிச்சிகன்.

— நானா?

— நீயேதான். நெப்ராஸ்காவ நான் உருட்டறேன். எதிர்ல ஒரு ஆள் வேணும்ல.

— மாமா, தானியக் கிடங்குல என்கூட வேலை பாக்கறவன் எவனாச்சும் கேள்விப்பட்டான்னா என்னை மக்காச்சோளத்துக்குள்ள தள்ளி மூடிடுவான். எங்கப்பாவ நெப்ராஸ்காவோட செவப்புச் சட்டை போட்டுத்தான் பொதச்சோம். மறந்துட்டீங்களா?

— அதனாலதான் உன்னைக் கூப்பிடறேன். நீ நேர்மையான ஆளு. மிச்சிகனுக்காக உருட்டறப்ப மிச்சிகன்காரனாவே உருட்டணும். வேணும்னே தோத்தா எனக்குத் தெரிஞ்சிடும்.

— பகடைல எப்படி மாமா வேணும்னே தோக்க முடியும்?

— முடியும். மனசு வெச்சு உருட்டாம விட்டா முடியும்.

— ரெண்டு பேரும் நிறுத்துங்க. வென்டல், பதினாறு கெடையாது. கொற.

— கொறச்சா நியாயம் போயிடும். எட்டுன்னு வெச்சா ஒம்பதாவது டீம் அழுவான்.

— பதினாறுன்னு வெச்சா பதினேழாவது அழ மாட்டானா?

— அழுவான். ஆனா பதினேழாவது எடத்துல இருக்கறவனுக்கு அழறதுக்குத் தகுதி கெடையாது.

— எந்த எடத்துலேர்ந்து அழலாம்னும் அந்தப் பதினோரு பக்கத்துல இருக்கா?

— எட்டாம் பக்கத்துல.

— கொற.

— சரி. எட்டு. மூணு வாரம்.

— நடுவுல வாரம் எதுக்குய்யா? எல்லா ஆட்டத்தையும் இன்னிக்கு சாயங்காலத்துக்குள்ள உருட்டி முடிச்சிடலாமே.

— படிக்கிற பசங்க, ஆர்லிஸ்! உடம்பெல்லாம் அடி. வாரத்துக்கு ஒரு ஆட்டந்தான் தாங்கும். பாடம் வேற இருக்கு.

— பகடைக்கு என்ன பாடம்?

— பகடைக்கில்ல, பசங்களுக்கு.

— எந்தப் பசங்களுக்கு?

— அக்கா, மாமா சொல்றதுல ஒரு ஞாயம் இருக்கு. போன வருஷம் முட்டி ஒடிஞ்ச பையன்...

— டுவேன், நீ இன்னொரு பன்னு எடுத்துத் தின்னு. வென்டல், இங்க பாரு. எனக்கு இந்த ஆட்டம் புரியாது. ஆனா கணக்குப் புரியும். நீ ஒரு தடவ ரெட்டிப்பாக்கினா எனக்கு ஒரு வாரம் போகுது. எட்டுன்னா மூணு. நாலுன்னா ரெண்டு. ரெண்டுன்னா ஒண்ணு. டாக்டர் ஒரு வாரங்கூட அதிகம்கிறாரு. மாடிப்படி ஏறாதேங்கிறாரு. நீ சோபா மேல ஏறுறே.

— நாலு. கடைசிப் பேச்சு. இந்த சனி ரெண்டு ஆட்டம், அடுத்த சனி ஒண்ணு. பத்தொம்பதாம் தேதி ஒமாஹா.

— நாலு டீம்னா யார் யாரு?

— நாம, மிச்சிகன். மூணாவது ஃபுளோரிடா ஸ்டேட், அதுல தகராறு இல்ல. நாலாவதுதான்... பத்திரிகைக்காரங்க ஃபுளோரிடாங்கிறாங்க. கோச்சுங்க வட கரோலினாங்கிறாங்க.

— அதுக்கும் ரெண்டு ஓட்டா?

— அதான் சொல்றேன்ல, ஓட்டே தப்பு! அவங்க ரெண்டு பேருக்கும் முன்னாடி ஒரு ஆட்டம் வெச்சு...

— முன்னாடி ஒரு ஆட்டம்னா முன்னாடி ஒரு வாரம். மறுபடி மூணு வாரம். பாத்தியாடா டுவேன், உன் மாமாவோட நாலுக்குள்ள அஞ்சு இருக்கு.

— சத்தியமா எனக்கும் இப்பத்தான்க்கா புரியுது.

— வென்டல், உனக்குத் தெரிய வேண்டியது என்ன? நாமளா மிச்சிகனா. அவ்வளவுதானே? அதுக்கு ரெண்டு டீம் போதும். ஒரு ஆட்டம். வர்ற சனி மத்தியானம் ரெண்டு மணி. நான் சில்லி வெக்கறேன், ஜன்னலத் தெறந்து வெக்கறேன், கோட்டு போட்டுக்கிட்டு உக்காந்து பாக்கறேன். நீ ஜெயிச்சா நானும் சோபா மேல ஏறுறேன். திங்கக்கெழம நீ வண்டில ஏறுறே.

— ஒரே ஆட்டம்னா அது பிளேஆஃப் இல்ல, ஆர்லிஸ். வெறும் ஆட்டம்.

— எனக்கு வெறும் புருஷன் போதும். சாம்பியன் வேணாம்.



— மாமா, அக்கா அழுதாலும் அழுதுடும். கையக் குடுங்க.

— சரி. ரெண்டு டீம். வர்ற சனிக்கெழம. மாப்ளே, நீ சாட்சி.

— சாட்சி, மாமா.

*

— அக்கா, இந்தப் பச்சை ஜெல்லிக் கிண்ணம் யாரோடது? அடில பேரு ஒட்டியிருக்கு, ஈரத்துல அழிஞ்சுபோச்சு.

— பச்சைன்னா லூத்தரன் சர்ச்சுப் பொம்பளைங்க. கழுவி வெச்சுடு டுவேன், அவங்களே வந்து எடுத்துப்பாங்க.

— மூணு நாளா ஜெல்லியும் பன்னி இறைச்சியும். ஒருத்தராவது காரமா ஏதாச்சும் கொண்டாந்தாங்களா?

— சாவு வீட்டுக்கு யாருடா காரம் கொண்டு வருவாங்க?

— நேத்து அடக்கத்தப்ப போதகர் அந்த ஜோக்கச் சொல்லியிருக்கக் கூடாதுக்கா. "வென்டல் கடைசி வரைக்கும் கூடுதல் நேரம் கேட்ட மனுஷன்"னு. மொத்தச் சர்ச்சும் சிரிச்சுது.

— நீயும்தான் சிரிச்சே. தோள் குலுங்குனத நான் பாத்தேன்.

— அது அழுகைக்கா. சத்தியமா. மணியப் பாத்தேன், சனிக்கெழம மத்தியானம் ரெண்டு. சரியா ஃபைனல் ஆரம்பிக்க வேண்டிய நேரம்.

— எனக்கும் அது தோணுச்சு.

— நான் ஒண்ணு சொன்னாக் கோவிச்சுக்க மாட்டியே? அந்த ஃபைனல்ல நான் தோக்கலாம்னு இருந்தேன். மனசு வெக்காம உருட்டிப் பழகிக்கூடப் பாத்தேன், வேலைல. ஆனா மிச்சிகனா உக்காந்தா விழறதெல்லாம் ஆறும் ஆறுமா விழுது. போன வாரம் ஃபுளோரிடா ஸ்டேட்ட நாப்பது பாயிண்ட் வித்தியாசத்துல அடிச்சேன். மாமா எந்திரிச்சு வந்து கை குடுத்தாரு. "இன்னிக்குத்தான்டா நீ மிச்சிகன்"னாரு. எனக்கு எங்கப்பாவோட செவப்புச் சட்டைதான் ஞாபகம் வந்துச்சு.

— அன்னிக்கு ராத்திரி பூரா அதச் சொல்லிச் சொல்லிச் சந்தோசப்பட்டாருடா.

— எனக்கு அவரு மேல கோவம் தீரலக்கா. செத்த மனுஷன் மேல கோவப்படக் கூடாது, தெரியும். ஆனா அந்த ஞாயித்துக்கெழம இதே மேசைல ரெண்டு டீம்னு என் முன்னாடி கை குடுத்தாரு. செவ்வாக்கெழம போன் பண்ணி, "மாப்ளே, நாலாக்கியாச்சு, ஒமாஹா பத்தொம்பதுக்குப் போயிடுச்சு"ங்கிறாரு, சின்னப் புள்ளையாட்டம். பன்னண்டாம் தேதி போயிருந்தா இன்னிக்கு ஆஸ்பத்திரில படுத்துக்கிட்டு நர்ஸுங்களுக்குப் பிளேஆஃப் சொல்லிக் குடுத்துக்கிட்டு இருப்பாரு. ஒரு வாரம்! ஒரே ஒரு வாரம். வாக்குக் குடுத்துட்டு மீறுனாரே. ஊரே சொல்லுது, புடிவாதத்துல போய்ச் சேந்தாருன்னு.

— ஊரு சொல்றது எனக்கும் கேக்குது.

— நீ ஒண்ணும் சொல்ல மாட்டேங்கிறியே. உனக்குக் கோவமே வரலயா?

— டுவேன், தண்ணியக் கொஞ்சம் நிறுத்து.

— நிறுத்திட்டேன்.

— அவரு வாக்க மீறலடா.

— நான் சாட்சிக்கா!

— கேளு. ரெண்டுன்னு ஒத்துக்கிட்டதுக்கப்புறம் அவரு பேசவே இல்ல. சண்டையா இருந்தாத் தாங்கிக்குவேன், அது சண்டை இல்ல. மறுநாள் காலைல பன்னப் பிட்டுப் பிட்டு வெச்சாரு, தின்னல. அந்தப் பதினோரு பக்கத்துல பத்துப் பக்கத்தக் கிழிச்சு அடுப்பு பத்த வெக்கறதுக்குன்னு மடிச்சு வெச்சிருந்தாரு. மீதி ஒரு பக்கத்த வெச்சுக்கிட்டு உக்காந்திருந்தாரு. முப்பது வருஷமா யோசிச்ச விஷயம். ஒரே ஒரு ஆட்டம், ஒரு மத்தியானம், அப்புறம் கத்தி. பயந்து போயிருந்தாருடா. உன் மாமா பயந்து நான் பாத்ததே இல்ல.

— மாமாவா?

— எனக்கு அந்த மூஞ்சியப் பாக்க முடியல. என்ன பேசறதுன்னு தெரியாம, "ஏய்யா, மூணாவதா நிக்கிறானே ஃபுளோரிடா ஸ்டேட்டு, அங்க ஒருத்தன் இதே மாதிரி மேசைல உக்காந்திருப்பானே, அவனுக்கு யாரு பதில் சொல்றது?"ன்னு கேட்டேன்.

— நீ கேட்டியா?

— சும்மாதான் கேட்டேன். அவரு நிமிந்து பாத்தாரு பாரு. "அதத்தான் ஆர்லிஸ் நான் முப்பது வருஷமாச் சொல்றேன்"னாரு. ஆனா வாக்குக் குடுத்துட்டேன்னு தலைய ஆட்டுனாரு. நாந்தான் வற்புறுத்தினேன். நாலாவது எடத்துக்கு நானே காசு சுண்டுனேன். தலை விழுந்தா வட கரோலினான்னு வெச்சேன், விழுந்துச்சு. எழுந்து வந்து என் நெத்தில முத்தம் குடுத்தாரு. முப்பத்தெட்டு வருஷத்துல ஃபுட்பாலுக்காகக் குடுத்த மொத முத்தம்.

— ஆஸ்பத்திரித் தேதிய மாத்துனது அவருதானேக்கா? பத்தொம்பதுன்னு அவருதானே எங்கிட்டச் சொன்னாரு?

— உங்கிட்டச் சொன்னது அவரு. ஒமாஹாவுக்குப் போன் போட்டது நான். அவரு என் பக்கத்துல நின்னு, வேணாம் ஆர்லிஸ், வேணாம்னுக்கிட்டே இருந்தாரு.

— அக்கா...

— ஒரு வாரத்துல என்ன ஆயிடப் போகுதுன்னு நெனச்சேன்.

— காரணம் கேக்கலயா அவங்க?

— கேட்டா, போன எடுத்த பொண்ணு. சீசன் இன்னும் முடியலம்மான்னேன்.

— அதுக்கு என்ன சொன்னா?

— எங்க வீட்லயும் இதே கதைதான்னு சிரிச்சுட்டுப் பத்தொம்பதுன்னு எழுதிக்கிட்டா.

— பத்தொம்பது நாளைக்குல்லக்கா?

— ஆமா. தேதி மட்டுந்தான் மாறுச்சு. ஆபரேஷன் நேரம் அதேதான், காலைல ஆறு மணி.