யாரும் இழுக்காத படலம்

ஞாயிற்றுக்கிழமை, மத்தியானம் இரண்டரை மணி. பாணேர் குன்றுக்குப் பின்னால் ஒரு சாலை... இரண்டு பக்கமும் காய்ந்த புல். ஒரு நாய்கூட இல்லை. பேய்க் கதையென்றால் ராத்திரி பன்னிரண்டு அடிக்க வேண்டாமா என்று கேட்காதீர்கள். புணேயில் மத்தியானம் ஒன்றிலிருந்து நாலு வரை கடைக்காரரே கடையைச் சாத்திவிட்டுத் தூங்குவார். ஊர் அடங்கிய நேரம்தான் பேய்க்கு என்றால், இந்த ஊர்ப் பேய்க்கு இரண்டு ஷிஃப்ட்.

நான் இதைச் சொல்ல ஆரம்பித்தபோது எங்கள் ஃபிளாட்டில் கரண்ட் போயிருந்தது. வெளியே மழை. மெழுகுவர்த்தியைச் சுற்றி நான், ஸ்நேஹா, ஷ்ரேயஸ். சம்பவம் ஷ்ரேயஸின் அத்தை பெண்ணுக்கு நடந்தது.

"அவன் வீட்டுக் கதைய நீ ஏன்டா சொல்றே?" என்றாள் ஸ்நேஹா.

அவனுக்குத் தமிழ் திக்கும், எனக்குத் திக்காது என்றேன்.

அந்தப் பெண்ணின் பெயர் தர்மாம்பாள். இருபத்தெட்டு வயதில் இந்தப் பெயரோடு கல்லூரிகளைத் தாண்டி வந்தவள், லேசில் பயப்படமாட்டாள். இயற்பியலில் ஆராய்ச்சி. ஆறு வருடமாக அவள் கட்டிக்கொண்டு அழுதது ஒரு மெல்லிய படலத்தை. காலியம் ஆர்சனைடில் கொஞ்சம் மாங்கனீசு கலந்த குறைக்கடத்தி. தடிமன் என்று பார்த்தால் சில அணு அடுக்குகள்தான். அதன் பக்கத்தில் நம் நகம் ஒரு கோட்டைச் சுவர்.

நன்றாகக் குளிர வைத்தால் அது காந்தமாகும். அந்தக் காந்தத்துக்கு ஒரு குணம். படலத்தைப் பக்கவாட்டில் அழுத்தினால் காந்தத்தின் திசை படுத்துக்கொள்ளும். இழுத்தால்... எழுந்து நிற்கும். சூடேற்றினால் செத்துவிடும். மறுபடி குளிர்ந்தால் உயிர் வரும், ஆனால் பழசு எதுவும் ஞாபகம் இருக்காது. இதற்குப் பல்கலைக்கழகத்தில் பட்டம் தருகிறார்கள். வேறு இடமாக இருந்தால் வேப்பிலை அடித்திருப்பார்கள்.

படலத்தை ஒரு சின்னப் பீங்கான் வில்லையில் ஒட்டி, வில்லைக்கு இரண்டு ஒயர் கொடுத்திருந்தாள். மின்னழுத்தம் ஏற்றினால் வில்லை விரியும், படலமும் இழுபடும். எல்லாவற்றையும் ஒரு பிளாஸ்டிக் ஸ்ட்ராவுக்குள் செருகி அளவுக் கருவியில் இறக்க வேண்டும். ஸ்ட்ராவில் காந்தம் கிடையாது, அதனால். பிளாஸ்டிக் ஸ்ட்ராவுக்கு இங்கே தடை. ஆய்வகத்தில் ஒரே ஒரு பாக்கெட்டைக் கஞ்சா மாதிரிப் பூட்டி வைத்திருந்தார்கள்.

அந்த ஞாயிற்றுக்கு மறுநாள் ஆய்வேட்டைக் கொடுத்தாக வேண்டும். கடைசி நாள் அதுதான். உதவித்தொகையும் நின்றுபோயிருந்தது. மற்ற படலங்களெல்லாம் உடைந்துவிட்டன. மிச்சம் இருந்த இந்த ஒன்றில் ஒரே ஒரு வளைகோடு சுத்தமாக வந்தால் போதும். வராவிட்டால் ஆறு வருடமும் குப்பை.

ஒவ்வொரு அளவுக்கும் முன்னால் படலத்தைச் சூடாக்கி ஒரு தடவை சாகடிக்க வேண்டும். பழைய ஞாபகம் போக. அதற்கு அரை நாள் பிடிக்கும். அன்றைக்கு அவள்... சாகடிக்கவில்லை. நேரமில்லை.

குன்றுக்குப் பின்னால் அந்தச் சாலையில் இருந்த ஆய்வகத்தில் அவள் மட்டும். குளிரூட்டும் ஹீலியம் பம்ப் டுஷ்க்... டுஷ்க் என்று அடித்துக்கொண்டிருந்தது. சூடான தூசி வாசனை. மின்னழுத்தத்தைப் பூஜ்யத்துக்கு இறக்கினாள். காந்தம் படுத்திருக்க வேண்டும். படுக்கவில்லை. ஒயரைக் கழற்றினாள். திரையில் காந்தத்தைக் காட்டும் கோடு மெதுவாக இறங்கியது... படுத்தது. அப்பாடா என்று நாற்காலியில் சாய்ந்தாள்.

கோடு மறுபடி ஏறியது.

ஒயர் அவள் மடியில் கிடந்தது. இழுக்க யாரும் இல்லை. கோடு இறங்கியது. ஏறியது. பம்பின் அதிர்வு என்று நினைத்தாள். பம்ப் வேகமாக அடித்தது, இதுவோ நிதானமாக... மல்லாந்து தூங்குகிறவன் வயிறு மாதிரி.

பேராசிரியர் பாலசுப்ரமணியத்துக்குப் போன் போட்டாள்.

"சார், ஒயர கழட்டிட்டேன். அப்பவும் எழுந்து நிக்குது."

அவர் தூக்கத்தில் இருந்தார். "ட்வீசர்லேர்ந்து இரும்பு ஒட்டிண்டிருக்கும்மா. சாகடிச்சுட்டு மறுபடி எடு."

சூடேற்றினாள். சூடு ஏற ஏற அந்த ஏற்ற இறக்கம் வேகமானது. அப்புறம் இன்னும் வேகம்... ஓடி வந்தவன் இரைக்கிற மாதிரி. பிறகு ஒரே ஒரு பெரிய இழுப்பு. கோடு நேரானது.

ராத்திரியோடு ராத்திரியாக மறுபடி குளிர வைத்து அளந்தாள். வளைகோடு அவ்வளவு சுத்தம், புத்தகத்தில் அச்சடித்தது போல. ஆய்வேடு போனது, பட்டம் வந்தது. இப்போது அவள் டாக்டர் தர்மாம்பாள்.

"அவ்ளோதானா? இதுல பேய் எங்கடா?" என்றாள் ஸ்நேஹா.

கேட்டுவிட்டாளே என்று தொடர்ந்தேன். படலத்தைச் சாகடித்ததற்கு அடுத்த ஞாயிறு, வானவடியில் அவள் வீடு. சாப்பிட்டுவிட்டுத் தர்மாம்பாள் கட்டிலில் படுத்தாள். காபிக்கு எழுப்ப அவள் அம்மா, ஷ்ரேயஸின் அத்தை கனகவல்லி, கதவைத் திறந்தால்... பெண் கட்டில்மேல் நிற்கிறாள். நெட்டுக்குத்தாக. கண் மூடியிருக்கிறது. மூச்சு தூங்குகிற மூச்சு. கூப்பிட்டார், அசையவில்லை. முழங்காலை மடக்கப் பார்த்தார், மடங்கவில்லை. பயத்தில் இரண்டு தோளையும் பக்கவாட்டில் சேர்த்துப் பிடித்து அழுத்தினார். உடனே படுத்துவிட்டாள்... பலகையைச் சாய்த்த மாதிரி. கையை எடுத்தார். எழுந்து நின்றாள். அத்தைக்கு இயற்பியல் தெரியாது. சாயங்காலம் வரை அழுத்திக்கொண்டே உட்கார்ந்திருந்தார்.

ஸ்நேஹா சிரித்துவிட்டாள். "கடைசில நல்லா ரீல் சுத்தினே."

எனக்கும் சிரிப்பு வந்தது. சுற்றியதுதான். பட்டம் வாங்கியது வரைக்கும் ஷ்ரேயஸ் சொன்னது. கட்டில் விஷயம் அப்போதுதான் என் வாயில் வந்தது.

ஷ்ரேயஸ் சிரிக்கவில்லை. மெழுகுவர்த்தியைத் தாண்டி என்னையே பார்த்தான்.

"இத உனக்கு யாரு சொன்னாங்க?" என்றான்.

யாரும் சொல்லவில்லை என்றேன்.

பிறகு, வார்த்தை வார்த்தையாக:

"அத்தைக்கு... தனியா முடியல. இப்பல்லாம் ஒரு பக்கம் நான் புடிக்கறேன்."