லேசரா, லைட்டா?

...காதுக்குப் பின்னாடி சோதனைக்குன்னு ஒரு பொட்டு! அவ்வளவுதாங்க அடிச்சு விட்டாங்க அந்த டாக்டரம்மா. ‘இது எப்படி ஆகுதுன்னு பாத்துட்டு அப்புறம் மொகத்துக்குப் போலாம்’னு சொல்றாங்க. ஏங்க, காதுக்குப் பின்னாடி எவ வந்து பாக்கப் போறா? மொகத்துக்குன்னு வந்தா மொகத்தைத்தானே பண்ணணும்? இல்லையா?... ஐயய்யோ, தலையாட்டாதீங்க, க்ரீம் வழிஞ்சிரும்! மரத்துப் போற வரைக்கும் வாயத் தொறக்கக் கூடாதுன்னு நர்சம்மா சொன்னது எனக்கும் கேட்டுச்சு. நீங்க பேசவே வேண்டாம். அதுக்குத்தான் நான் இருக்கேனே.

கண்ணையும் மூடிக்கோங்க, எரியும். அடேயப்பா... மொகம் பூரா வெள்ளை, அதுக்கு மேல கண்ணாடித்தாள், தலைக்குக் குல்லா! உங்க வீட்டு ஆளுங்களே பாத்தாலும் அடையாளம் தெரியாது போங்க. பெட்டியோட வந்திருக்கீங்க... வெளியூரா? வெரல மட்டும் தூக்குங்க, போதும்... ஆங், அதானே பாத்தேன்.

எனக்கு இன்னும் க்ரீமே பூசலை. ஏன்னா நான் இன்னும் முடிவு பண்ணலையாம். லேசரா, லைட்டான்னு! துணிக்கடையில கூட இத்தனை கேள்வி கேக்க மாட்டாங்க. லைட்டுன்னா பளிச் பளிச்சுன்னு அடிச்சு கரும்புள்ளியக் கொறைக்குமாம். ஆனா என்னை மாதிரி நெறத்துக்கு கொஞ்சம் அசந்தாலும் சுட்டுரும், புதுசா கறுப்பு விழுந்துரும்ங்கறாங்க. சுருக்கத்துக்கு லேசருதானாம். அதுல ஒரு வாரம் மூஞ்சி தக்காளியாட்டம் செவந்து தோலு உரியுமாம்! சரி லைட்டே போதும்னா, அது மாசத்துக்கு ஒரு தடவை, மெதுவா, பொறுமையா... எனக்கு எங்கங்க மாசம் இருக்கு? என் தங்கச்சி இந்த ஞாயித்துக்கெழமை வந்து எறங்குறா!

‘வெயில்ல நின்னீங்களா’ன்னு ஒரு மொறைப்பு வேற. நிக்காம? மாடியில துணி யாரு காயப் போடுவா, டாக்டரம்மாவா?

என்ன சொல்லிட்டு இருந்தேன்... ஆங், தங்கச்சி. சும்மா தங்கச்சி இல்லீங்க. ஒரே போர்வைக்கு அடிச்சுக்கிட்டு ஒரே போர்வையில தூங்கினவங்க நாங்க. பள்ளிக்கூடத்துல ரெண்டு பேரையும் வெளிய நிக்க வெப்பாங்க, எல்லாம் அவ சிரிப்பாலதான். வாயப் பொத்திக்கிட்டாலும் மூக்கு வழியா பன்னிக்குட்டி மாதிரி ஒரு சத்தம் வரும் பாருங்க... திட்ட வந்த டீச்சரே சிரிச்சிருவாங்க! கடல் தாண்டிப் போயி எத்தனையோ வருஷம் ஆச்சு. இப்பல்லாம் போன்ல மொகத்தக் காட்டவே மாட்டேங்கறா. ‘நேர்ல பாத்துக்கலாம்க்கா’ங்கறா. நானும் விட்டுட்டேன். எனக்கும் அதுதான் வசதி.

ஏன் வசதின்னா... யாருகிட்டயும் சொல்லிராதீங்க. நீங்கதான் பேச முடியாதே, அந்த தைரியத்துல சொல்றேன்.

என் மருமக போன்ல ஒரு பட்டன் இருக்குங்க. அத அமுக்கிட்டு போட்டோ எடுத்தா மூஞ்சி தேச்சு வெச்ச வெள்ளிக் கிண்ணம் மாதிரி வழவழன்னு ஆயிரும். சும்மா வெளையாட்டுக்கு ஒண்ணு எடுத்து அவளுக்கு அனுப்பினேன். ‘அக்கா! எப்படிக்கா இது?’ன்னா. அப்பவே உண்மையச் சொல்லியிருந்தா முடிஞ்சிருக்கும். அன்னைக்குன்னு பாத்து பஸ்ல போறப்ப இந்த க்ளினிக் போர்டைப் பாத்துத் தொலைச்சேனா... வாய் சும்மா இருக்குமா? ‘லேசர்டி’ன்னுட்டேன். எங்கன்னு கேட்டா. இந்த எடத்துப் பேரை எழுத்துக் கூட்டி அனுப்பினேன்! டாக்டரம்மா கை ராசியான கைன்னு வேற அளந்து விட்டேன். அந்தம்மா மூஞ்சிய இன்னைக்குத்தாங்க மொதமொதல்ல பாக்கறேன்!

அப்புறம் அனுப்பின ஒவ்வொரு போட்டோவும் அந்தப் பட்டன் போட்டோதான். இப்ப அவ வாசல்ல வந்து நின்னு, ‘எங்க அக்கா எங்க?’ன்னு என்கிட்டயே கேட்டா நான் என்ன பண்ணுவேன்? சுருக்கம் கெடக்குது விடுங்க, இருந்துட்டுப் போகட்டும். ‘என்னையே ஏமாத்திட்டியே’ன்னு அவ மொகம் சுண்டிருமே... இத்தனை வருஷம் கழிச்சு வர்றவ... அதத்தாங்க என்னால...

என்னங்க? தோளு குலுங்குது? அழறீங்களா? மருந்து எரியுதா? நர்சம்மா! இங்க கொஞ்சம் வாங்க! அடடா, கண்ணாடித்தாள் நழுவுது, பிடிங்க, பிடிங்க...

என்ன சத்தம் அது? மூக்குலேருந்தா?

...இன்னொரு தடவை?

அடியே! நீயா! ஞாயித்துக்கெழமைன்னு சொன்னியேடி! வந்து எறங்கினதும் பெட்டியத் தூக்கிட்டு நேரா இங்கயா? பளபளன்னு ஆகி அப்புறமா வந்து நிக்கலாம்னு பாத்தியா? என்னையே ஏமாத்தப் பாத்தியா? இவ்வளவு நேரம் கல்லு மாதிரி உக்காந்து எல்லாத்தையும் கேட்டுட்டு... சிரிக்காதடி! மூக்குல க்ரீம் போகுது!

நர்சம்மா, டாக்டரம்மாகிட்ட சொல்லிருங்க. எங்களுக்கு லேசரும் வேண்டாம், லைட்டும் வேண்டாம். ஒரு ஈரத் துணி மட்டும் குடுங்க. மொதல்ல நான் இவ மொகத்தப் பாக்கணும்.