மேட்டுக் குளத்துச் சிப்பி

எங்கள் தேயிலைத் தோட்டத்துத் தண்ணீரில் ஊற்றிய தேத்தண்ணிக்குத் தனி ருசி உண்டு, ஐயா. உங்கள் பதுளைத் தண்ணீரைக் குறை சொல்லவில்லை. பொலிஸில் கோப்பையும் சாசருமாகக் கொடுத்ததே பெரிய விஷயம். ஆனால் மடுல்சீமை மலைத் தண்ணீர் வேறு. அந்தத் தண்ணீரைப் பற்றித்தானே கேட்கிறீர்கள், சொல்கிறேன்.

பதினெட்டு வருஷமாகத் தோட்டத்துச் சங்கத் தலைவர் நான். என் பெயரே ஊருக்கு மறந்துவிட்டது, எல்லோருக்கும் 'தலைவரே'தான். எந்தக் கூட்டமானாலும் எனக்கு ஒரு பொன்னாடை போர்த்துவார்கள். எல்லாக் கூட்டத்துக்கும் அதே பொன்னாடைதான். முடிந்ததும் நாலாக மடித்து, ஓரத்தை உள்ளே செருகி, மாதர் சங்கத்து மாரியாயியிடம் கொடுத்துவிடுவேன். அடுத்த கூட்டத்துக்கு அவள் தட்டில் வைத்துக் கொண்டுவருவாள். பொதுவாழ்வில் சிக்கனம் முக்கியம்.

மூன்று வருஷத்துக்கு முன் கொழும்பில் ஒரு கருத்தரங்கு. குளத்தில் வெளிநாட்டுச் சிப்பி வளர்த்து முத்து எடுக்கலாம் என்று ஒருவர் படம் போட்டுக் காட்டினார். அனுமதியில்லாமல் திறந்த நீரில் விடக்கூடாது என்பது கடைசிப் படத்தில் இருந்ததாம். அப்போது நான் சாப்பாட்டு வரிசையில் முதல் ஆளாக நின்றேன். ஒரு தரகர் இரண்டு வாளி சிப்பி கொடுத்தார். தொழிலாளர் குடியிருக்கும் லயங்களுக்குக் குழாய் போகும் மேட்டுக் குளத்தில் கூடை கட்டித் தொங்கவிட்டேன்.

முத்து வரவில்லை. சிப்பி பெருகியது. கூடையை விட்டுச் சுவரில் ஏறியது. சுவரை விட்டுக் குழாய்க்குள் போனது. நம் ஊர் மட்டி மண்ணில் புதைந்து கிடக்கும். இது எதைக் கண்டாலும் ஒட்டிக்கொண்டது.

கீழ் லயத்துக் குழாயில் தண்ணீர் நூலாக இறங்கியது. மேல் லயத்துக்காரர்கள் அடைக்கிறார்கள் என்று கீழே பேச்சு. கீழே இருப்பவர்கள் திருட்டுக் குழாய் போட்டிருக்கிறார்கள் என்று மேலே பேச்சு. அக்கம்பக்கத்துக் குடங்களைக்கூட எண்ண ஆரம்பித்தார்கள். கொழுந்துக் கூடைக்குள் யாரோ குழாய் திருகும் குறடு மறைத்துக் கொண்டு போவதாகக் கீழ் லயத்துக் கலாராணி, காலையில் பேர் பதியும் பெரட்டுக் களத்தில் சத்தம் போட்டாள். நான் விசாரணைக் கூட்டம் வைத்தேன். யாரையும் குற்றம் சொல்லவில்லை. ஒரு கேள்விதான் கேட்டேன்: "குளத்துச் சாவி யாருகிட்ட இருக்கு?"

எல்லாத் தலையும் கிருஷ்ணராஜ் பக்கம் திரும்பியது. தண்ணீர் திறந்துவிடும் வேலை அவனுக்கு. மாரியாயியின் புருஷன். அன்றிலிருந்து அவன் வீட்டு வாசலில் யாரும் நின்று பேசவில்லை.

இதற்கிடையில் என் முத்துத் திட்டத்துக்குத் திறப்பு விழா குறித்தாகிவிட்டது. கருங்கல்லில் என் பெயர், அதன் மேல் 'மலையக முத்துச் செம்மல்'. பட்டம் யார் கொடுத்தது என்று கேட்காதீர்கள். கல்லில் ஒரு வரி காலியாக இருந்தது.

விழாவுக்கு முதல் நாள் காலை, எல்லோரும் கொழுந்து பறிக்க மலைக்குப் போனபின், கிருஷ்ணராஜ் ஒரு உடைந்த குழாய்த் துண்டோடு வந்தான். உள்ளே நெரிசலாகச் சிப்பி.

"இந்தாங்க தலைவரே, தண்ணி களவெடுத்தவன். பைப்பு பூரா ஒங்க சிப்பிதான். எம்புள்ளைய ஸ்கூல்ல 'தண்ணிக் கள்ளன் மக'ங்கிறாங்க. நாளைக்கு வர்ற பெரிய மனுசன் முன்னால இதக் கொட்டத்தான் போறேன்."

"கொட்டணும்பா," என்றேன். "ஒரு துண்டக் காட்டுனா நம்புவாங்களா? தொட்டிக்குள்ள உள்ளதையும் வழிச்செடு. நானே எடுத்துச் சொல்றேன்."

நம்பினான். தலைவர் சொன்னால் நம்புகிற தோட்டம் அது.

குளத்துக்குக் கீழே ஒரு சிமெண்டுத் தொட்டி. வாய் குறுகல், ஆழம் இரண்டு ஆள். உள்ளே இறங்குமுன் அவன் குளத்துத் தண்ணீரைத் தொட்டிக்குத் திறந்துவிடும் சக்கரத்தை மூடி, அதில் தன் சிவப்புத் துண்டை முடிச்சுப் போட்டுக் கட்டுவான். துண்டு இருந்தால் உள்ளே ஆள் இருக்கிறது என்று அர்த்தம். சின்னப் பிள்ளைகூட அந்தச் சக்கரத்தைத் தொடாது. அவன் வருகிறவரை துண்டை யாரும் அவிழ்ப்பதில்லை.

மத்தியானம்தான் தொட்டிக்குள் அவன் உடலைக் கண்டெடுத்தார்கள். மேல் லயத்தான் திறந்துவிட்டான் என்று கீழ் லயமும், கீழ் லயத்தான்தான் என்று மேல் லயமும் கத்தியைத் தீட்டின. அமைதி காக்கச் சொல்லிப் பேசினேன். மறுநாள் விழா, ஒரு நிமிட மௌன அஞ்சலியோடு நல்லபடியாக நடந்தது.

அன்று மாலை இழவு வீட்டுக்குப் போய், குளக்கரையில் கிடந்தது என்று சொல்லித் துண்டை மாரியாயியிடம் கொடுத்தேன். அவள் அழுகையை நிறுத்தினாள். துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"கரையில கெடந்த துண்டு," என்றாள், "நாலா மடிச்சு, ஓரத்த உள்ள செருகியா கெடந்துச்சு, தலைவரே?"

பழக்கம், ஐயா. கை தானாகச் செய்கிறது.

ஆமாம். முடிச்சை அவிழ்த்தது நான்தான். சக்கரத்தைத் திருப்பியதும் நான்தான், பதினொரு சுற்று. வெளியே போகும் குழாயைச் சிப்பி அடைத்திருந்ததால் தொட்டி சீக்கிரம் நிரம்பியது. இரண்டு தடவை 'தலைவரே' என்று கூப்பிட்டான். கடைசிவரை மரியாதையான பையன். நான் துண்டை மடித்துக்கொண்டு நின்றேன்.

இன்னொன்றையும் எழுதிக்கொள்ளுங்கள். நேற்று மீன்வளத்து அதிகாரிகள் வந்து, குளத்தை வற்றவைத்துச் சிப்பியையெல்லாம் வெயிலில் கொட்டிக் காயவிடச் சொன்னார்கள். ராத்திரியெல்லாம் எனக்குத் தூக்கமில்லை. விடிந்ததும் இரண்டு சாக்கு அள்ளி, பஸ்ஸில் ஏற்றி, தெமோதரைப் பக்கம் ஓடையில் விட்டுவிட்டுத்தான் இங்கே வந்தேன். வாயில்லாத ஜீவன்கள் ஐயா. ஓர் உயிர் கண்ணெதிரே துடித்துச் சாவதை என்னால் பார்த்துக்கொண்டு நிற்க முடியாது.