முன் பக்கத்துத் தகடு

ராத்திரி பதினொன்று இருக்கும். கால்வாயை ஒட்டிய சாலை. ஒரு பக்கம் தண்ணீர், மறு பக்கம் பூட்டிக் கிடக்கும் கிடங்குகள். மழை விட்டிருந்தது... மரங்கள் மட்டும் இன்னும் சொட்டிக்கொண்டிருந்தன.

இது என் நண்பனுடைய மச்சானுக்கு நடந்தது. நம்பாதவர்கள் கதவுப் பக்கம் போய் உட்காருங்கள், குளிர்காற்றையாவது மறைத்த புண்ணியம் கிடைக்கும்.

மச்சானுக்குக் கார் விற்கிற கடையில் வேலை. எல்லா வண்டியின் சாவியும் அவன் இடுப்பில்தான் தொங்கும். அதனால் பேரே சாவி என்று ஆகிவிட்டது. நம் வண்டியைப் பழுதுக்கு விட்டால், அது சரியாகும் வரை ஓட்டிக்கொள்ள ஒரு இரவல் வண்டி தருவார்களே... அதைக் கொடுப்பது, திரும்ப வாங்குவது, கழுவுவது, அதற்கான திட்டையும் வாங்கிக்கொள்வது எல்லாம் சாவிதான். அன்றைக்கும் விடிந்ததிலிருந்து நாய் படாத பாடு. கடைசியாக ஊர்க்கோடியில் ஒருவர் வீட்டிலிருந்து இரவல் வண்டியை எடுத்துக்கொண்டு கடைக்குத் திரும்பிக்கொண்டிருந்தான். கண் சொக்கியது.

கண்ணாடியில் வெளிச்சம் விழுந்தது. பின்னால் ஒரு கார்.

ஒதுங்கி வழி விட்டான். முந்தவில்லை. வேகத்தைக் குறைத்தான்... அதுவும் குறைத்தது. ஒரு விளக்குதான் ஒழுங்காக எரிந்தது. இன்னொன்று உள்ளே தண்ணீர் புகுந்ததுபோல மங்கிப்போயிருந்தது. அதற்குக் கீழே நம்பர் பிளேட். கண்ணாடியில் இடம் வலம் மாறித்தான் தெரியும், சாவிக்கு அது பழக்கம். படித்தான்.

அவன் ஓட்டிக்கொண்டிருந்த வண்டியின் நம்பர்.

இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். இரவல் வண்டிகளுக்குச் சொந்த நம்பர் கிடையாது. கடைக்கென்று அரசாங்கம் கொடுத்த நம்பர்கள் கொஞ்சம் உண்டு. ஒரு நம்பருக்கு இரண்டு தகடு, முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. வெளியே போகிற வண்டியில் ஜோடியாக மாட்ட வேண்டும், வந்ததும் கழற்றி ஆணியில் தொங்கவிட வேண்டும். ஜோடியைப் பிரிக்கக் கூடாது. சட்டம் அவ்வளவுதான்.

போன மழைக்காலத்தில் ஒருநாள் ஆணியில் ஒரே ஜோடிதான் மிச்சம். இரவல் வண்டி கேட்டு நிற்பவர்களோ இரண்டு பேர். மேனேஜர் தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

"ஆளுக்கு ஒண்ணு மாட்டி அனுப்புய்யா. எவன் குனிஞ்சு பாக்கப் போறான்?"

சாவி மாட்டினான். முன் தகடு, பேக்கரிக்கார அம்மா எடுத்துப்போன வண்டிக்கு. பின் தகடு, ஒரு வாத்தியார் எடுத்துப்போன வண்டிக்கு. வாத்தியார் சாயங்காலமே திருப்பிக் கொடுத்துவிட்டார். தகட்டைக் கழற்ற அலுப்பாக இருந்தது, காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டான். கடையைப் பூட்டுகிற நேரத்தில் போன். போலீஸ்.

"கால்வாய்ப் பாலத்துல கைப்பிடி ஒடஞ்சு கெடக்கு. எதிர்ல வந்த லாரிக்காரர் ஒரு வண்டி உள்ள போனதைப் பாத்தேங்கறார். நம்பரும் சொல்றார். அது உங்க கடை நம்பர். அந்த வண்டி வந்துடுச்சா?"

சாவி ஜன்னல் வழியே பார்த்தான். வாத்தியாரின் வண்டி முதுகைக் காட்டிக்கொண்டு நின்றது. அதே நம்பர். உடம்பெல்லாம் அசதி... ஜோடியைப் பிரித்தது நினைவுக்கே வரவில்லை.

"வந்துடுச்சு சார். என் கண்ணு முன்னாடிதான் நிக்குது."

லாரிக்காரருக்குத் தூக்கக் கலக்கம் என்று சொல்லித் தேடப் போனவர்கள் திரும்பிவிட்டார்கள். விடிந்த பிறகுதான் அந்த அம்மாவை எடுத்தார்கள். வண்டிக்குள் கொஞ்சம் காற்று இருந்ததாம்... வெகு நேரம் உயிரோடு இருந்திருக்கிறார் என்று டாக்டர் சொன்னார். முன் தகடு மட்டும் அகப்படவில்லை. ஒற்றையாகிப்போன தகட்டைத் திருப்பி ஒப்படைத்திருக்க வேண்டும். மேனேஜர் அதைக் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. அவசரத்துக்கு அதையே மாட்டி அனுப்பிக்கொண்டிருந்தார். இப்போது சாவி ஓட்டிய வண்டியின் பின்பக்கத்தில் மாட்டியிருந்ததும் அதுதான்.

ஆக, பின் தகடு இவனிடம். முன் தகடு... பின்னால் வருகிற வண்டியில்.

பயப்படுவதற்கும் உடம்பில் தெம்பு வேண்டும். சாவியிடம் அது இல்லை. அந்த மழைக்காலத்திலிருந்து அவன் ஒழுங்காகத் தூங்கியதே இல்லை. ஆக்சிலேட்டரை மிதிக்கவும் தோன்றவில்லை. ஏற்றிவிட்ட ஜன்னல்களுக்குள் ஒரு வாசனை. அப்போதுதான் அடுப்பிலிருந்து எடுத்த ரொட்டி. அதற்கு அடியில் சேறு.

"நான் வேணும்னே அப்படிச் சொல்லலைம்மா," என்றான் கண்ணாடியைப் பார்த்து.

பாலம் வந்தது. கடந்தான். கண்ணாடி இருட்டாகிவிட்டது.

கடைக்குள் வண்டியை நிறுத்தி, கேட்டைப் பூட்டிவிட்டு, ஆபீஸைத் திறந்தான். போன் அடித்துக்கொண்டிருந்தது. எடுத்தான். அன்றைக்குப் பேசிய அதே குரல். அதே அலுப்பு. கேட்ட வண்டியும் அதே நம்பர்.

"அந்த வண்டி வந்துடுச்சா?"

ஜன்னல் வழியே பார்த்தான். வண்டி முதுகைக் காட்டிக்கொண்டு நின்றது. இந்தக் கேள்விக்கான பதிலைத்தான் எத்தனையோ ராத்திரி படுக்கையில் தனக்குத் தானே சொல்லிப் பார்த்திருக்கிறான்.

"இல்ல சார்... வரலை. இங்க நிக்கறது வேற வண்டி. அந்தம்மா இன்னும் உள்ள இருக்காங்க. உயிரோட இருக்காங்க சார். சீக்கிரம் போங்க!"

அந்தப் பக்கத்திலிருந்து கொளக்... கொளக்... என்று ஒரு சத்தம். பிறகு ஒரு பெண் குரல், ரொம்பக் களைத்த குரல்.

"அப்போ கேட்டைப் பூட்டிடாதே தம்பி."

சாவி போய் கேட்டைத் திறந்து வைத்தான். வேறு என்ன செய்வான்? திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்தான். பல மாதத்துத் தூக்கம், அப்படியே அமுக்கிவிட்டது.

விடிந்து கண்ணைத் திறந்தபோது கேட் உள்பக்கமாகச் சாத்தியிருந்தது. ஆணியில் முன் தகடு தொங்கியது. வளைந்துபோயிருந்தது, சேறு சொட்டிக்கொண்டிருந்தது. எடுக்கக் கை வைத்தான்.

சூடாக இருந்தது... இவ்வளவு நேரம் யாரோ அதை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததுபோல.