மழைக்கு வழி கேட்ட மதிவதனி

இந்தப் பாராட்டு விழாவுக்குத் தலைமையேற்று வீற்றிருக்கும் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஆதிலட்சுமி அம்மையார் அவர்களே, முன்வரிசைக்குப் பெருமை சேர்த்திருக்கும் பெரியோர்களே, அடுப்படி வேலையை ஓரம் வைத்துவிட்டு வந்திருக்கும் தாய்மார்களே, பந்தலுக்கு வெளியே வண்டியில் சாய்ந்தபடி கேட்கும் தம்பிகளே, அண்ணாமலையின் அடிவாரத்தில் வாழும் அத்தனை பேருக்கும் என் அன்பு வணக்கம்.

மன்னருக்கு வரலாறு உண்டு; மாளிகைக்கு வரலாறு உண்டு. மலைமேல் விழும் மழைக்கு வரலாறு உண்டா? உண்டு என்றார் ஒரு பெண். கீழ்பென்னாத்தூரில் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, பயிரிடும் குடும்பத்தில் பிறந்து, இன்று முனைவராகி நம்முன் அமர்ந்திருக்கும் மதிவதனி.

ஊர்களின் நீர் வரலாறுதான் அவருடைய ஆய்வு. மழை வந்தால் நாம் குடையைத் தேடுவோம்; அவர் அது ஓடும் திசையைத் தேடினார். மலையடியிலிருந்து ஓடையின் பின்னாலேயே நனைந்துகொண்டு நடந்தார். மாடு மேய்த்தவர்களைக் கேட்டார். ஏரிப்பாசனம் செய்தவர்களைக் கேட்டார். பழைய வரைபடங்களோடு ஒத்துப் பார்த்தார். ஓடை வந்து முட்டி நின்ற இடம் எது தெரியுமா? வேங்கிக்காலை அடுத்த நம் மகிழம்பூ நகர். நம் மூன்றாம் தெருதான் அந்நாளில் ஏரிக்கு நீர் கொண்டுபோன கால்வாய். அதன்மேல் மண் கொட்டி, மனை பிரித்து, மதில் எழுப்பிவிட்டோம்.

வேறொருவராக இருந்தால் எழுதி முடித்துப் பட்டம் வாங்கிப் போயிருப்பார். மதிவதனியோ நம்மைக் கல்யாண மண்டபத்துக்கு அழைத்தார். தரை முழுதும் கோலமாவால் நம் நகரை வரைந்திருந்தார். “அவங்கவங்க வீடு இருக்கிற எடத்துல நில்லுங்க” என்றார். நின்றோம். பிறகு நீலப் பொடியால் அந்தப் பழைய கால்வாயை இழுத்தார். அது நம் கால்களுக்கு நடுவே போயிற்று.

நம் நகர் நலச் சங்கத் தலைவர் ராஜேந்திரன் கொதித்தெழுந்தார். “இத வெளிய சொன்னா வீட்டு வெல கம்மியாயிடும்மா. வாழ்நாள் பூரா உழைச்சுக் கட்டுனது. எங்க தெரு பேர உன் ஆராய்ச்சியிலேர்ந்து எடுத்துடு.”

பின்வரிசையில் சிரிக்கிறீர்கள். ஐயாவின் இசைவோடுதான் சொல்கிறேன். அவரும் சிரிக்கிறார், பாருங்கள்.

மதிவதனி அவர் முகத்தைப் பார்த்தே சொன்னார்: “பேர எடுத்தாலும் தண்ணி இந்தப் பக்கந்தாங்க வரும். வீட்ட இடிக்கச் சொல்லலீங்க ஐயா. அது போறதுக்கு ஒரு வழி கேக்குறேன்.”

அப்போது கைக்குழந்தையோடு எழுந்தார் மூன்றாம் தெரு ஆர்த்தி. “போன மழையில தொட்டில மேல தூக்கிக் கட்டிட்டு, முழங்கால் தண்ணியில நின்னுக்கினு இருந்தேன். ஏன் வருதுனு ஒருத்தரும் சொல்லல. இவங்க சொல்றாங்க. கேக்கலாமேங்க.”

ராஜேந்திரன் அந்தக் குழந்தையையே பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த வாரம் கடப்பாரையை எடுத்தார். கால்வாயை மறித்து நின்ற தம் வீட்டு மதிலைத் தாமே இடித்தார். மதில் விழுந்தது, தெரு எழுந்தது. ஆளுக்கொரு மண்வெட்டியோடு அனைவரும் திரண்டோம். வாய்க்கால் வெட்டினோம். முறைப்படி அனுமதி பெற்றுச் சாலைக்கு அடியில் குழாய் பதித்தோம்.

ஐப்பசியில் வந்தது அடைமழை. தாம் இழுத்த கோடு தவறாகிவிட்டால் என்ன செய்வது என்ற தவிப்போடு, பேருந்தைவிட்டு இறங்கி நனைந்தபடி ஓடி வந்தார் மதிவதனி. தெருமுனையில் குடையோடு நின்றார் ராஜேந்திரன்.

“வாம்மா. வந்து பாரு. போவுது.”

போயிற்று. செம்மண் நிறத்தில் சுழித்துக்கொண்டு, ஒரு வாசற்படியையும் தொடாமல், ஏரியைப் பார்த்துப் போயிற்று. ஆர்த்தி தம் பிள்ளையை மதிவதனியின் கையில் கொடுத்தார்.

அன்பர்களே, கல்வி எதற்கு? பட்டத்துக்கா? பதவிக்கா? படித்தவர் தாம் கண்ட உண்மையை, கசந்தாலும், அதற்குரியவர் முகத்தைப் பார்த்துச் சொல்வதற்கு. கேட்டவர் அதைத் தாங்கி, தம் கையாலேயே திருத்திக்கொள்வதற்கு. அந்தத் துணிவு இந்தப் பெண்ணிடம் இருந்தது. அந்தப் பெருந்தன்மை உங்களிடம் இருந்தது. இரண்டும் சேர்ந்தபோது ஒரு தெரு பிழைத்தது.

அடி அண்ணாமலையிலிருந்து சிலர் வந்திருக்கிறார்கள். தங்கள் குளத்துக்கு நீர் ஏன் வருவதில்லை என்று மதிவதனியிடம் கேட்க வேண்டுமாம். அவர்கள் கேட்கட்டும் என்று ஒலிபெருக்கியை விட்டு விலகுகிறேன். பொறுமையாய்க் கேட்ட உங்களுக்கு என் நன்றி. அனைவரையும் கைகூப்பி வணங்குகிறேன்.